இஷாவுக்குப் பிறகு குடிக்கும் கோப்பி

மகன்,

உனக்கு என் ஸலாம். உன்னோடு அந்த அறையில் படுத்தெழும்பும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். இந்தக் கடிதத்தை நீ ஒளித்துவைத்து வாசிக்க வேண்டியதில்லை, அவர்களும் வாசிக்கட்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஓர் ஊரில் ஒரு உம்மா இருப்பாள். அவளோடு போனில் கதைக்கும்போது நீ செய்வதைப் போல அவர்களும் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுத்து எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஸாஹிரா எழுதுகிறாள். அவள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறோம். நம்முடைய வீட்டில் வைத்து இதைச் சொல்ல முடியாது. அங்கே சீலிங் இல்லை. குசினியில் நான் இருமினால் அறையில் கிடக்கும் உன் உம்மா, “என்ன, சளியா?” என்று கேட்பாள். நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாது. போனில் சொல்லாததும் அதனால்தான். பள்ளிக்குப் பக்கத்து வீட்டு ஹாஜியாரின் மருமகன் லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இது உனக்கு வந்துசேரும்.

உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மாவின் கிட்னி இரண்டும் வேலை செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். மெசினில் போட்டு இரத்தம் கழுவுவதற்காக இடக்கையில் நரம்பைப் பிணைத்து வைத்த வழி அடைபட்டதும் தெரியும். வலக்கையில் வைத்ததும் அடைபட்டதை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. இப்போது கழுத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் கிருமி பிடித்து அடிக்கடி காய்ச்சல் வருகிறது. நடுக்கம் எடுத்தால் கட்டிலே ஆடும். போன கிளினிக்கில் டொக்டர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். சிங்களவர், நல்ல மனிசன். தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, “ஐயா, இனிக் கஷ்டம். வீட்டில வச்சுச் சந்தோசமாப் பாருங்க” என்றார். அவர் சொன்ன சந்தோசம் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரும் பாவம்.

நீ வரமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். பாஸ்போட் கம்பெனியிடம் இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் புறப்பட்டால் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று நீயே சொல்லிவிட்டாய். உன்னை வரச்சொல்ல வேண்டாம் என்றுதான் உம்மாவும் சொல்கிறாள். அவள் மௌத்தானால் உனக்காக நாங்கள் வைத்திருக்கப்போவதும் இல்லை, அது நமது வழக்கம் இல்லை. காலையில் கண்ணை மூடினால் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிடுவோம். நீ டிக்கட் தேடி முடிக்குமுன் கபுறின் மேல் மண் காய்ந்துவிடும். ஆகவே அவளோடு உனக்கு மிச்சமாக இருப்பது ஒன்றுதான்: இராத்திரி இஷாத் தொழுகைக்குப் பிறகு போனில் முகம் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் குடிக்கும் அந்த அரைக் கோப்பை கோப்பி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அரைக் கோப்பை ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். கிட்னி இல்லாத உடம்புக்குள் போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. முதலில் கால் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறும், மூச்சு முட்டும். அதனால் கிளினிக்கில் நிற்கும் நேர்ஸ் மிஸ்ஸி ஒரு சின்னப் போத்தலைக் கையில் தந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். குளிசை விழுங்குவதும் இதில்தான். கஞ்சியும் கறி ஆணமும் இந்தக் கணக்கில்தான். புத்தளத்து வெயில் எப்படி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பகலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போகும் அவளுக்கு. ஐஸ்கட்டித் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு கிடப்பாள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, நோன்பு காலத்தில் ஈத்தம்பழம்கூடக் கூடாது. கோப்பியைப் பற்றி நான்தான் கேட்டேன். மிஸ்ஸி உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அரைக் கோப்பை குடிக்கலாம், ஆனால் அந்த அளவைப் போத்தலிலிருந்து ஊற்றிக் கழித்துவிட வேண்டும் என்றாள்.

தொடக்கத்தில் உம்மா அதை விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குடித்தாள். அது அவளுடைய நேரம், உனக்குத் தெரியும். அதற்கு முன் அவளோடு யாரும் கதைக்க முடியாது. நீ வேலை முடிந்து அறைக்கு வந்து போன் எடுக்கும்போது இங்கே இஷா தொழுது முடிந்திருக்கும். அந்த நேரத்துக்கு அரைக் கோப்பையைத் தள்ளிவைக்கத் தொடங்கினாள். “நீயும் ஒண்டு ஊத்திக்கொண்டு வா மகன், சேந்து குடிப்பம்” என்று அவள்தான் முதலில் கேட்டாள். நீயும் மறுநாள் ஒரு நீலக் கோப்பையோடு வந்து இருந்தாய். அதற்காக அவள் காலையிலிருந்து தாகத்தோடு கிடக்கிறாள், மகன். நடுப்பகலில் நான் பொறுக்க ஏலாமல், அதை இப்போதே குடித்துவிடு என்றால், அது அவனோடு குடிக்கிற தண்ணி என்பாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அளந்து தந்த தண்ணீரில் ஒரு பங்கு உனக்கென்று எடுத்துவைத்தது. இதை நீ விளங்கிக்கொண்டாயோ என்று எனக்குத் தெரியாது.

சில கிழமைக்கு முன், நீ போனை வைத்த பிறகு அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். பிறகு, “ஸாஹிராட வாப்பா, அவன்ட கோப்பையில ஒண்டும் இல்ல” என்றாள். விசர்க் கதை கதைக்காதே என்றேன். அவள் விடவில்லை. எத்தனை மையித்து வீட்டில், எத்தனை கலியாண வீட்டில் கோப்பி ஊற்றிக் கொடுத்து, குடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் தான், மனிசன் கோப்பி குடிக்கிறது எப்படி என்று தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். சூடாகக் குடிக்கிறவன் உதட்டை முதலில் கொண்டுபோய்க் காற்றை உறிஞ்சுவான். நீ கோப்பையை வாயில் வைத்ததும் நேரே சாய்த்தாயாம். ஆறின கோப்பியாக இருக்கும் என்றேன். “அது கிடக்கட்டும். கடைசியில என்ன செஞ்சான் எண்டு பாத்தீங்களா? தலையப் பின்னுக்குச் சாய்ச்சு அடிமட்டும் குடிச்சான்” என்றாள்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நம்முடைய வீட்டில் கோப்பியை வடித்துக் குடிப்பதில்லை. தூளைச் சுடுதண்ணீரில் போட்டு, மண்டி அடியில் படியவிட்டு, மேலால் குடிப்போம். அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிட்டுத்தான் கோப்பையை வைப்போம். கடைசி மிடறு குடிக்கிறவனின் வாய்க்குள் மண் போகும். உன் கை பிறந்த நாளிலிருந்து பழகிய பழக்கம் அது. குடிக்கிறவன் மறக்கமாட்டான். குடிப்பது போல் காட்டுகிறவன்தான் மறப்பான். என்றாலும் உனக்காக வாதாடினேன். மண்டி இல்லாத கடைக் கோப்பி இருக்கிறதே, சுடுதண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், அதைப் போட்டிருப்பான் என்றேன். “அதெண்டா ஏன் வாயத் துடைக்கல்ல?” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவனுக்குச் சொல்லிடாதீங்க, வெக்கப்படுவான்” என்றாள். சொல்லாதே என்றதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கான பதிலை அல்லாஹ்விடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவும் மருந்தும் கூடக் கூட நீ அனுப்புவதும் கூடிக்கொண்டு வருகிறது. அது உன் வயிற்றிலிருந்துதான் வருகிறது என்று தெரியாத அளவுக்கு நான் மூடன் இல்லை. அங்கே ஒரு கடையில் ஒரு கோப்பை கோப்பிக்குக் கொடுப்பதில் இங்கே ஒரு நாள் சமையல் முடிந்துவிடும் என்று ஸாஹிரா சொல்கிறாள். கடையில் குடிக்க யார் சொன்னது? அறையில் ஊற்றிக் குடிக்கும் கோப்பிக்கு அவ்வளவு ஆகாது. வாங்கத் தெரியாதவனுக்குத்தான் கோப்பி விலை கூடினது. நான் தெரியாமல் வாங்கிப் பட்டவன், உன் உம்மா தெரிந்து வாங்கினவள். இரண்டையும் சொல்கிறேன், கேள்.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கி, ஆலங்குடா முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலம் அது. நீ பிறக்கவில்லை. நிவாரணத்தில் அரிசி வரும், மா வரும், பருப்பும் சீனியும் வரும், கோப்பி வராது. விட்டுவிட்டு வந்த வீட்டுக்காகக்கூட உன் உம்மா முகாமில் சத்தம் போட்டு அழுததில்லை. ஆனால் கோப்பி இல்லாமல் அவளுக்குத் தலையிடி வந்துவிடும். நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிவாள். நான் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய்வந்த காசில் ஒரு நாள் கடையில் ஒரு பைக்கட் தூள் வாங்கினேன். மலிவு. நல்ல கறுப்பாக இருந்தது. பெரிய காரியம் செய்தவன் போல் கொண்டுவந்து நீட்டினேன். அவள் ஒரு கிளாஸில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அதன் மேல் ஒரு கிள்ளுத் தூளைத் தூவினாள். தூள் அப்படியே அடிக்குப் போய்விட்டது, தண்ணீர் முழுக்க உடனே செம்மண் நிறமாகிவிட்டது. “இது கோப்பி இல்ல, கோழித்தீன். வறுத்த சோளம்” என்றாள். “கோழி திண்டா முட்டையாவது போடும். நீங்க குடிச்சிட்டு என்னத்தப் போடப்போறீங்க?” அடுத்த கொட்டிலில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முகாமில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அதற்காக அந்தக் கடைக்காரனை மன்னித்துவிட்டேன்.

நீ தூளாக வாங்குவதென்றால் அதைச் செய்து பார். நல்ல கோப்பித்தூள் பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரமாவது மிதக்கும், சாயமும் மெல்லத்தான் இறங்கும். உடனே அமிழ்ந்து சாயம் விட்டால் அதில் வேறு தானியம் கலந்திருக்கிறது. நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. கருகும் மட்டும் வறுத்தால் எதுவும் கறுக்கும், பழுதான கொட்டையை மறைக்கவும் அப்படித்தான் வறுப்பார்கள். சுக்கும் மல்லியும் போட்டு இடித்தது என்று விற்பதையும் எடுக்காதே. கோப்பி விலையில் மல்லியை வாங்குவாய். வேண்டுமென்றால் மல்லியை வேறாக வாங்கி நீயே ஒரு கிள்ளுப் போட்டுக்கொள். எல்லாவற்றிலும் நல்லது கொட்டையாக வாங்குவது. கொட்டைக்குள் சோளத்தை ஒளிக்க ஏலாது.

கொட்டை வாங்கும் விதத்தை உன் உம்மா கருவாட்டு லொறிக்காரரிடம் வாங்கும்போது பார்த்திருக்க வேண்டும். அவர் மாத்தளைப் பக்கத்துச் சிங்களவர். மிளகு, கராம்பு, கோப்பிக்கொட்டை கொண்டுவந்து விற்றுவிட்டுக் கருவாடு ஏற்றிக்கொண்டு போவார். வாயில் எப்போதும் வெற்றிலை. “ஹொந்த படு, நங்கி” என்பார், நல்ல சாமான் தங்கச்சி என்று. உன் உம்மா அதைக் காதில் போடாமல் சாக்குக்குள் முழங்கை மட்டும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பாள். மேலே கிடப்பது காட்டுவதற்கு, அடியில் கிடப்பதுதான் விற்பதற்கு என்பது அவளுடைய எண்ணம். ஒரு கொட்டையைப் பல்லில் வைத்துக் கடிப்பாள். கடிபடாமல் நசுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, வைத்திருந்தால் பூசணம் பிடிக்கும். பிறகு உள்ளங்கையில் தேய்த்து மணந்து பார்ப்பாள். பச்சைக் கொட்டையில் காய்ந்த புல்லின் மணம் வர வேண்டும். சாக்கின் மணமோ மண்ணெண்ணெய் மணமோ வந்தால் எவ்வளவு வறுத்தாலும் போகாது. துளை விழுந்ததையும் கறுத்ததையும் தள்ளிவிடுவாள்.

ஆனால் உடைந்த கொட்டையை அவள் தள்ளவே மாட்டாள். நீ கவனிக்க வேண்டியது அதைத்தான். உடைசல் பார்வைக்கு அழகில்லை, அதனால் விலை இறங்கிவிடும். நல்ல கொட்டையின் உடைசலுக்கும் முழுக் கொட்டைக்கும் வாயில் வித்தியாசம் தெரியாது. லொறிக்காரர் ஒருமுறை முழுக் கொட்டையைத் தலையில் கட்டப் பார்த்தார். “முழுசா வாங்கி நாங்க என்ன, மாலையா கோக்கப்போறம்?” என்று கேட்டாள். உப்பளத்தில் கூலிக்கு நின்றபோது நான் பொறுக்கிய சிங்களத்தில் அதை அவருக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன் பிறகு வரும்போதெல்லாம் உடைசலை அவளுக்கென்று வேறாக முடிந்துகொண்டு வருவார். முகாமில் மையித்து விழுந்த வீடுகளுக்கெல்லாம் அந்த உடைசலை வறுத்து இடித்துத்தான் கேத்தல் கேத்தலாகக் கோப்பி கொண்டுபோனாள். ஒருவரும் அது மலிவுச் சாமான் என்று சொன்னதில்லை.

கொட்டையை மட்டும் பார்த்துத் தண்ணீரைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நாங்கள் மன்னாருக்குப் போய் நம்முடைய காணியைப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு மீசை அரும்பின வயது. வீடு நின்ற இடத்தில் காடு. கிணறு மட்டும் இருந்தது. உம்மா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே கோப்பி ஊற்றினாள். நீ ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாய். அவள் துப்பவில்லை, விழுங்கிவிட்டு, “உப்பு” என்றாள். இறைக்க ஆளில்லாமல் கிடந்த கிணறு, கடல் உள்ளே வந்துவிட்டது. அங்கே திரும்பிப் போய் நாங்கள் வாழப்போவதில்லை என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளத்தான் நெடுநாள் எடுத்தது. உன் பைப்பில் வருவதும் கடல் தண்ணீரைச் சுத்தம் செய்ததுதான் என்று நீ சொன்னாய். கோப்பிக்கு அதை எடுக்காதே. நீங்கள் குடிப்பதற்கென்று கேனில் வாங்கும் தண்ணீரில் ஒரு கோப்பை எடு. அறையில் உள்ள பிள்ளைகள் அதற்குக் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

அங்கே அரபிகள் குடிக்கும் கோப்பி வேறு. ஹாஜியார் ஒருமுறை மக்காவிலிருந்து கொண்டுவந்து தந்தார். இலேசாக வறுத்து, ஏலக்காய் போட்டு, மஞ்சளாக இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் உன் உம்மாவோடு குடிக்கும் கோப்பி அது இல்லை. மலையாளத்தார் கடைகளில் கண்முன்னே வறுத்து அரைத்துக் கொடுக்கிறார்களாம். அப்படியான ஒரு கடைக்குப் போ. உடைசல் இருக்கிறதா என்று கேள், கேட்பதற்கு வெட்கப்படாதே. எந்த நாட்டுக் கொட்டை என்று பார்க்காதே, எப்போது வறுத்தது என்று கேள். பனங்கட்டி நிறத்தைத் தாண்டிக் கொஞ்சம் கறுத்தது போதும். டப்பாவில் படம் போட்டு வருவதில் படத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறாய். ஒட்டின பைக்கட்தான் கிடைத்தது என்றால், மூக்குக்குக் கிட்டப் பிடித்து மெல்ல அமத்திப் பார். அதிலிருக்கும் சின்னத் துளையால் மணம் வந்தால் எடு, காகித மணம் வந்தால் இருந்த இடத்திலேயே வை.

அறைக்குக் கொண்டுவந்ததும் இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போடு. உங்கள் மேசையில் சவர்க்காரத் தூளும் கருவாடும் ஒன்றாகக் கிடப்பதைப் போனில் நான் பார்த்திருக்கிறேன். கோப்பி பக்கத்தில் இருப்பதன் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கட்டிலுக்குக் கீழே வை. ஊற்றும்போது தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை நிறுத்தி, கொதி அடங்கின பிறகு தூளைப் போட்டு மூடு. தூளோடு கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மேலால் ஒரு கை பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் மண்டி தானாக அடிக்குப் போகும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதே மண்டிக்கு மறுநாளும் தண்ணீர் ஊற்றாதே. அது சிக்கனம் இல்லை, உன்னையே நீ ஏமாற்றுவது.

ஸாஹிரா இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டாள். நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். “இது வேணாம் வாப்பா, காக்காக்குத் தாங்க ஏலாது” என்று உனக்காகக் கெஞ்சுகிறாள். எழுது மகள் என்றேன். தாங்க ஏலாததைத் தாங்காமல் விட நம்மில் யாருக்கு வழி இருக்கிறது?

இந்தக் கிழமை முழுக்க உம்மா கோப்பி குடிக்கவில்லை, மகன். கடைசியாக வந்த காய்ச்சலுக்குப் பிறகு எதை வாயில் வைத்தாலும் ஓங்காளிக்கிறாள். கோப்பியின் மணம் பட்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். முதல் நாள் ஊற்றிக் கொடுத்தேன். உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். மறுநாள் கேத்தலை அடுப்பில் வைக்கப் போனேன், ஊற்ற வேண்டாம், வீணாகப் போகும் என்றாள். போன் வந்தால் அவனுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். “கோப்பைய மட்டும் தாங்க” என்றாள்.

நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அவள் கோப்பையைத் தூக்கினாள். ஊதினாள். உதட்டைக் கொண்டுபோய் முதலில் காற்றை உறிஞ்சினாள். பாதியில் நிறுத்தி, “உன்ட ஆறப்போகுது, குடி” என்று உனக்குச் சொன்னாள். நீயும் குடித்தாய். கடைசியில் கோப்பையைச் சாய்க்காமல், அடியில் ஒரு விரல் அளவு கிடக்கிறது போல் பக்குவமாகக் கீழே வைத்து, சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். அவள் செய்ததில் ஒரு பிழை இல்லை. அங்கே உன் கையில் வெறுங்கோப்பை, இங்கே அவள் கையில் வெறுங்கோப்பை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னத்துக்கு இப்படி என்று பிறகு கேட்டேன். “நான் குடிக்கிறன் எண்டு அவனுக்கு இருக்கட்டும்” என்றாள். “அவன் குடிக்கல்ல எண்டு உனக்குத் தெரியுமே” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நீ கோப்பி வாங்குவதால் அவள் பிழைக்கப்போவதில்லை. நீ நல்லதாக வாங்கினாலும் அவள் மறுபடியும் குடிக்கப்போவதில்லை. அந்த நப்பாசையெல்லாம் எனக்கு இல்லை, உனக்கும் வேண்டாம். ஆனால் இரண்டு பேரில் ஒருவராவது உண்மையாகக் குடிக்க வேண்டும். இனி அவளால் ஏலாது. ஆகவே அது நீதான். சூடாக ஊற்றிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் இரு. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சுவிடாதே, மன்னிப்பும் கேட்காதே, அழவும் அழாதே. குடி. உனக்கு வியர்ப்பதை அவள் பார்க்கட்டும். போனை வைத்த பிறகு அவள் என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு அவன் குடித்தான் என்று சொல்வாள். அவளுக்கு இனிக் கொடுப்பதற்கு உன்னிடத்திலும் என்னிடத்திலும் வேறொன்றும் இல்லை.

எவ்வளவு வாங்குவது என்று சொல்லவில்லையே. மலிவாகக் கிடைக்கிறது என்று கூட வாங்கிவைக்காதே, நாள்பட்டால் மணம் போய்விடும். அந்தக் கடையில் இருப்பதில் ஆகச் சின்னப் பைக்கட்டைக் கேட்டு வாங்கு. முதலில் அதை முடி, பிறகு பெரியது வாங்கலாம் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சின்னதே போதும், மகன்.

உன் வாப்பா